ஹாஃப்-எல்ஃபைக் கடைசியில் நிரப்புங்கள்: டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் கலப்பினக் கேரக்டர் அமைப்பது எப்படி

கேரக்டராக நடித்து டைஸ் உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், மனிதருக்கும் எல்ஃபுக்கும் (நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனம்) பிறந்த ஹாஃப்-எல்ஃபுக்குத் தனி இடம் உண்டு. பெரும்பாலான இனங்களுக்கு எல்லாச் சலுகைகளையும் புத்தகமே எழுதித் தந்துவிடும். ஹாஃப்-எல்ஃபில் பாதி உங்கள் கையில். கேரக்டரின் ஆறு திறன் எண்களில் (ஸ்டாட்) ஒன்றான கரிஸ்மாவுக்கு, அதாவது ஆளுமைக் கவர்ச்சிக்கு, +2 உறுதி. அதுபோக நீங்கள் விரும்பும் வேறு இரண்டு ஸ்டாட்டுக்குத் தலா +1, விரும்பும் இரண்டு ஸ்கில் (தேர்ச்சி), பொதுமொழியான காமனும் எல்ஃப் மொழியான எல்விஷும் போக இன்னொரு மொழி. ஆகவே கிளாஸ் (கேரக்டரின் தொழில்), பேக்ரவுண்ட் (சாகசத்துக்கு முந்தைய வாழ்க்கை), கேரக்டர் வளர்ந்த இடம் ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் இந்தக் காலி இடங்களை நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால் தேவையில்லாத இடத்தில் கொட்டிவிட்டு, தேவையான இடத்தில் ஓட்டையோடு நிற்பீர்கள்.

ஸ்டாட்டில் தொடங்குவோம். புள்ளி கொடுத்து ஸ்டாட் வாங்கும் பாயின்ட் பை முறையில் 27 புள்ளி. 8க்கு விலை இல்லை. 13க்கு 5, 14க்கு 7, 15க்கு 9. டைஸ் உருட்டலில் கூட்டும் எண்ணான மாடிஃபையர், ஸ்டாட்டின் இரட்டை எண்ணில்தான் ஏறும் என்பதால், இரண்டு +1களும் ஒற்றை எண்ணின் மேல் விழ வேண்டும். 13இல் போட்டால் 14, 15இல் போட்டால் 16. 14இல் போட்டு 15 ஆக்கினால் நாலாம் லெவல்வரை அந்தப் புள்ளி சும்மா கிடக்கும். புதியவர்கள் ஷீட்டில் அதிகம் காணும் வீண்செலவு இதுதான்.

பாலடின் என்ற புனித வீரர் கிளாஸுக்கு: ஸ்ட்ரெங்த் (வலிமை) 15, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 13, இன்டெலிஜென்ஸ் 8, விஸ்டம் 12, கரிஸ்மா 14. செலவு 9, 2, 5, 0, 4, 7. கூட்டினால் சரியாக 27. +1களை ஸ்ட்ரெங்த்திலும் கான்ஸ்டிடியூஷனிலும் வைத்தால் 16, 10, 14, 8, 12, 16 என்று முடியும். புத்தகம் தரும் ஆயத்த வரிசையும் (15, 14, 13, 12, 10, 8) இதே எண்கள்தான் என்பதால் பாயின்ட் பை அனுமதிக்காத டிஎம்மிடமும் (ஆட்டத்தை நடத்துபவர்) இது செல்லும். ஆறாம் லெவலில் பாலடினைச் சுற்றி 10 அடிக்குள் இருக்கும் தோழர்களின் சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) அவருடைய கரிஸ்மா மாடிஃபையர் சேரும். ஹாஃப்-எல்ஃபின் +2 குழுவுக்கே உதவுவது அப்போதுதான்.

ஒப்பந்தத்தால் மந்திரம் பெறும் வார்லாக் கிளாஸுக்குக் கணக்கு வேறு: டெக்ஸ்டெரிட்டி 15, கான்ஸ்டிடியூஷன் 13, விஸ்டம் 12, கரிஸ்மா 15, மற்ற இரண்டும் 8. இதுவும் 27. கூடுதலைச் சேர்த்தால் டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிடியூஷன் 14, கரிஸ்மா 17. அந்த 17 ஒற்றை எண்ணாக நிற்பது தெரிந்தே செய்தது. நாலாம் லெவலில் எல்வன் ஆக்யூரசி என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) அதை 18 ஆக்கும்.

அந்த ஃபீட் 2017இல் வந்த ஸனாதர்ஸ் கைட்டில் உள்ளது. எல்ஃபும் ஹாஃப்-எல்ஃபும் மட்டுமே எடுக்கலாம். டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா நான்கில் ஒன்றுக்கு +1 கிடைக்கும். அதோடு, இந்த நான்கில் ஒன்றால் தாக்கும்போது அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டி உயர்ந்ததை எடுப்பது) இருந்தால், உருட்டிய இரண்டு டி20இல் (இருபது முக டைஸ்) ஒன்றை இன்னொரு முறை உருட்டலாம். 11 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும் என்று வையுங்கள். ஒரு டைஸில் வாய்ப்பு 50%, அட்வான்டேஜில் 75%, இந்த ஃபீட்டோடு 87.5%. கிரிட்டிக்கல் (20 விழுந்து கிடைக்கும் பலத்த அடி) 5%இலிருந்து 9.75%, பிறகு 14.26%. வார்லாக்கின் தாக்குதல் மந்திரமான எல்ட்ரிச் பிளாஸ்ட்டின் ஒவ்வொரு கதிருக்கும் தனித்தனியாக இது பொருந்தும்.

இரண்டு இடத்தில் இது கவிழும். ஒன்று, ஸ்ட்ரெங்த்தால் வெட்டும் பாலடினுக்கு இதனால் உருட்டலில் ஒரு பயனும் இல்லை. இரண்டு, அட்வான்டேஜ் எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் எடுப்பது. இருட்டை உண்டாக்கும் டார்க்னஸ் மந்திரமும், அந்த இருட்டிலும் பார்க்கவைக்கும் டெவில்ஸ் சைட் என்ற வார்லாக் திறனும் சேர்ந்தால் வரும். ஆனால் அந்த இருட்டில் உங்கள் தோழர்களுக்கும் கண் தெரியாது. இரண்டே சண்டையில் மேசையில் முணுமுணுப்பு கிளம்பும். எதிரிகளை ஒளிரவைத்து எல்லோருக்கும் உதவும் ஃபேரி ஃபயர் மந்திரமே நல்ல வழி. கரிஸ்மா 16இல் நின்றால் இந்த ஃபீட்டை எட்டாம் லெவலுக்குத் தள்ளிவிட்டு, முதலில் ஸ்டாட்டை 18 ஆக்குங்கள்.

ஸ்கில்லில் ஒரே விதி: உங்கள் கிளாஸ் பட்டியலில் இல்லாததை எடுங்கள். பாலடின் பட்டியலில் பெர்செப்ஷனும் (கவனித்தல்) இல்லை, ஸ்டெல்த்தும் (பதுங்குதல்) இல்லை, டிசெப்ஷனும் (ஏமாற்றுதல்) இல்லை. பர்சுவேஷனை (பேசி இணங்கவைத்தல்) கிளாஸோ நோபிள் பேக்ரவுண்டோ தந்துவிடும். அதற்கு ஹாஃப்-எல்ஃபின் இடத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒரு இடத்தைப் பெர்செப்ஷனுக்கு ஒதுக்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

2015இல் வந்த ஸ்வார்ட் கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைட், இந்த இரண்டு ஸ்கில்லையும் விட்டுக்கொடுத்து எல்ஃப் பெற்றோரின் வழிவந்த ஒன்றை வாங்க அனுமதிக்கிறது. வுட் எல்ஃப் வழியென்றால் வேகம் 30இலிருந்து 35 அடியாகும். ஹை எல்ஃப் வழியென்றால் விசார்ட் கிளாஸின் பட்டியலிலிருந்து ஒரு கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரம்). அது இன்டெலிஜென்ஸில் இயங்கும். 8 வைத்துக்கொண்டு ஃபயர் போல்ட் எடுத்தால் குறி தப்பிக்கொண்டே இருக்கும், குறி பார்க்கத் தேவையில்லாத மேஜ் ஹேண்ட் எடுங்கள். டிரௌ (நிலத்தடி எல்ஃப்) வழியென்றால் டான்சிங் லைட்ஸ், மூன்றாம் லெவலில் ஃபேரி ஃபயர், ஐந்தாம் லெவலில் டார்க்னஸ். பின்னிரண்டும் லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு முறை. இவை கரிஸ்மாவில் இயங்குவதால் மேலே சொன்ன வார்லாக்குக்குக் கச்சிதம். டிரௌக்களுக்குள்ள வெயில் தொல்லையும் இவர்களுக்குக் கிடையாது. நால்வர் இருக்கும் குழுவில் இரண்டு ஸ்கில்லை இழப்பது உறைக்காது. மூவர் மட்டும் என்றால் மாற்றாதீர்கள்.

விளையாடும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் மூன்று. ஹாஃப்-எல்ஃப், எல்ஃப்போல நாலு மணிநேர டிரான்ஸில் (தியான நிலை) ஓய்வெடுப்பதில்லை. மனிதர்போலத் தூங்க வேண்டும், இரவுக் காவல் முறையை அதற்கேற்பப் போடுங்கள். ஃபே ஆன்செஸ்ட்ரி என்ற எல்ஃப் வழிச் சலுகை, சார்ம் ஆவதற்கு (வசப்படுவதற்கு) எதிரான சேவிங் த்ரோவுக்கு அட்வான்டேஜ் தரும், மந்திரத் தூக்கத்தைத் தடுக்கும். ஹிப்னாடிக் பேட்டர்ன், டாமினேட் பெர்சன் ஆகிய மந்திரங்கள் இதில் அடங்கும். ஹோல்ட் பெர்சன் அடங்காது, ஏனென்றால் அது பேரலைஸ் (அசையவிடாமல் செய்வது). டிரௌ விஷத்தால் மயங்குவதும் அடங்காது, அது மந்திரம் அல்ல. மூன்றாவது, டார்க்விஷன். 60 அடிவரை கும்மிருட்டு அவருக்கு மங்கலான வெளிச்சமாகத் தெரியும், நிறம் தெரியாது. மங்கல் என்பதால் கண்ணால் பார்க்கும் பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டைஸில் குறைந்ததை எடுப்பது), உருட்டாமலே கணக்கிடும் பாசிவ் என்றால் 5 குறையும். பொறி தேடும்போது தீவட்டி ஏற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி வளர்ப்பு. "அங்கேயும் சேராதவர், இங்கேயும் சேராதவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தால் ஆட்டத்தில் பயன்படுத்த ஒன்றும் இருக்காது. வயதிலிருந்து தொடங்குங்கள். ஹாஃப்-எல்ஃபுக்கு 20இல் முதிர்ச்சி, ஆயுள் 180ஐத் தாண்டும். எல்ஃப் சமூகத்தில் 100 வயதை ஒட்டித்தான் ஒருவர் தன்னைப் பெரியவராக அறிவித்துக்கொள்வார். ஆயுள் 750வரை போகலாம். கேரக்டருக்கு 25 என்றால் அம்மா வீட்டு எல்ஃப் உறவினர் கண்ணுக்கு இன்னும் குழந்தை. அப்பா ஊரில் மீசை வைத்த ஆண்பிள்ளை. 70 என்றால் மனித அப்பா போய்ச் சேர்ந்திருப்பார், கூட விளையாடிய மனிதப் பிள்ளைகள் தாத்தாக்கள், அம்மா மட்டும் அப்படியே. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே டிஎம்முக்கு மூன்று துணைப் பாத்திரங்கள் கிடைத்துவிடும். மூன்றாவது மொழியும் வளர்த்தவர் யார் என்பதிலிருந்து வரட்டும்: துறைமுகத்தில் குள்ளர் பட்டறையில் வளர்ந்தவருக்கு டுவார்விஷ்.

உலகத்தையும் பாருங்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற ஆட்ட உலகில் ஃபாலன் ஸ்டார்ஸ் கடலுக்குள் நீளும் ஆக்லரோண்ட் தீபகற்பத்தில், யுயிர்வுட் காட்டை ஒட்டி ஹாஃப்-எல்ஃப்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்கிருந்து வந்தவருக்குத் தனிமைச் சோகம் பொருந்தாது. எபெரான் என்ற இன்னொரு ஆட்ட உலகில் இவர்கள் பெயர் கோரவார். ஹாஃப்-எல்ஃப் பெற்றோருக்கே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த தனி மக்கள். அங்கே லிராண்டார் குடும்பத்துக்குப் புயல் முத்திரை (உடலில் தோன்றும் மந்திரக் குறி), மெடானி குடும்பத்துக்குக் கண்டறியும் முத்திரை. 2019 எபெரான் நூலின்படி இம்முத்திரை எடுத்தால் சாதாரண ஸ்டாட் கூடுதலும் இரண்டு ஸ்கில்லும் போய், முத்திரையின் சலுகைகள் வரும். கண்டறியும் முத்திரையில் +2 விஸ்டத்துக்குப் போய்விடுவதால் மேலே கொடுத்த எண்கள் அங்கே செல்லாது.

2024 ஹேண்ட்புக்கில் ஹாஃப்-எல்ஃப் தனி இனமாக இல்லை. ஸ்டாட் கூடுதலும் இனத்திலிருந்து பேக்ரவுண்டுக்கு மாறிவிட்டது. டிஎம் ஒப்புக்கொண்டால் 2014 ஹாஃப்-எல்ஃபையே கொண்டுவரலாம்: +2, +1, +1ஐ அடித்துவிட்டு பேக்ரவுண்ட் தருவதை மட்டும் சேருங்கள், ஸ்கில், டார்க்விஷன், ஃபே ஆன்செஸ்ட்ரி அப்படியே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கூட்டுவது விதிப்படி தவறு. ஒப்புக்கொள்ளாவிட்டால் எல்ஃபையோ மனிதரையோ எடுத்து, தோற்றத்திலும் குடும்பக் கதையிலும் கலப்பைக் காட்டலாம். எல்ஃப் என்றால் டிரான்ஸ் கிடைக்கும். மனிதர் என்றால் முதல் லெவலிலேயே கூடுதலாக ஒரு ஆரிஜின் ஃபீட் கிடைக்கும், ஆனால் டார்க்விஷன் கிடையாது. சுரங்கம் அதிகம் வரும் ஆட்டமா என்று டிஎம்மிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.