பொலிஷா, வாக்ஸா? கடற்கரை ஊர்க் காருக்கு எது சரி

மட்டக்களப்பு, கல்லடியில் என் வீட்டிலிருந்து கடலுக்கு ஐந்து நிமிட நடை. இரவு காரை வெளியில் விட்டால், காலமை பொனட்டில் ஒரு விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். கச்சான் காற்று தொடங்கினால் அதோடு தூசியும் சேர்ந்துகொள்ளும், மாரி வந்தால் கார்த்திகை, மார்கழி, தை என்று விடாத ஈரம். அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அதே டின்னை வாங்கிப் பூசினால் நமக்குச் சரிவராது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், விலை என்ன நிலையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கையில் இருக்கும் காரின் பெயின்டைக் காப்பாற்றுவது இப்போது வீட்டுக் கூரையைக் காப்பாற்றுவது மாதிரியான வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இங்கேதான். பொலிஷ் வேறு, வாக்ஸ் வேறு. பொலிஷுக்குள் மிக நுண்ணிய துகள் இருக்கிறது, அது பெயின்டின் மேல் தோலைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடும். வாக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு மெல்லிய படலமாகப் படுத்துக் கொள்ளும். பொலிஷ் எடுக்கும், வாக்ஸ் வைக்கும், அவ்வளவுதான். மினுக்கம் வருவது பொலிஷில். வெயிலில் காரைப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறதல்லவா, அந்தக் கீறல்கள்தான் வெளிச்சத்தைச் சிதறடித்து நிறத்தை மங்க வைக்கின்றன. அவற்றை மட்டமாக்கினால் பெயின்ட் தானாகவே கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வாக்ஸ் அந்த மினுக்கத்தை உப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் காகத்திலிருந்தும் காப்பாற்றும். கீறல் நிறைந்த பெயின்டில் எவ்வளவு விலையான வாக்ஸைப் பூசினாலும் கீறல்தான் மினுங்கும்.

அப்படியென்றால் மாதாமாதம் பொலிஷ் போடலாமே என்று நினைக்காதீர்கள். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற நிறமில்லாப் படலம் இருக்கிறது, அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். போட்டோகொப்பித் தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரோன். அந்தத் தாளில் பாதித் தடிப்புத்தான் உங்கள் காரின் ஆயுள் முழுவதற்கும் உள்ள கையிருப்பு, ஒவ்வொரு பொலிஷும் அதில் கொஞ்சத்தைத் தின்கிறது. நான் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஓரிடத்தில் மெஷின் பொலிஷுக்குக் கொடுத்தேன், கார் மினுங்கிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வீட்டில் வந்து குனிந்து பார்த்தால் முன் மட்கார்டின் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு நீலம் போய் அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரிந்தது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் இன்னும் மெல்லிசு, அங்கே மெஷின் சூட்டோடு ஒரு கணம் கூட நின்றாலும் போச்சு. இப்போது விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

கடையில் வாங்கும்போது டின்னின் முன்பக்கப் பெயரை நம்பாதீர்கள். பொலிஷ் என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது வாக்ஸ். வாக்ஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே தேய்க்கும் துகளும் இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள். கீறலைப் போக்கும், மங்கலை எடுக்கும் என்று இருந்தால் அது தேய்க்கும் சாமான். பாதுகாக்கும், இத்தனை மாதம் நிற்கும் என்று இருந்தால் பூசும் சாமான். இரண்டும் இருந்தால் இரண்டும் கலந்தது, அது அவசரத்துக்கு நல்லது, ஆனால் இரண்டு வேலையையும் அரைகுறையாகத்தான் செய்யும். தேய்ப்பதில் ரப்பிங் கொம்பவுண்ட்தான் ஆகக் கரடு, கிட்டத்தட்ட நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல்களுக்கு மட்டும். எப்போதும் ஆக மென்மையானதை ஒரு சிறு இடத்தில் போட்டுப் பாருங்கள், போதாவிட்டால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இனி வாக்ஸ். நம் கடைகளில் கிடைப்பவற்றை மூன்று குடும்பமாகப் பார்க்கலாம். கார்னவுபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும், நம்முடைய பனை போல விசிறி ஓலை உள்ள ஒரு மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. அது உருக 80 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், ஆனால் பூசுவதற்கு இலகுவாக எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்துதான் டின்னில் அடைக்கிறார்கள், அதனால் நீண்ட காலம் நிற்காது. இரண்டாவது சீலன்ட், இரசாயனத்தில் செய்த பொலிமர், பெயின்டோடு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கும் செரமிக் ஸ்பிரே, சிலிக்கா கலந்தது, அடித்துத் துடைத்தால் வேலை முடிந்தது.

எது நல்லது என்று வாயால் சண்டை பிடிப்பதை விட ஒரே பொனட்டில் மூன்றையும் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. என் காரில் வைகாசிக் கடைசியில் அப்படித்தான் செய்தேன். முழுப் பொனட்டையும் ஒரே மாதிரிப் பொலிஷ் பண்ணி, மாஸ்கிங் டேப்பால் மூன்று பாகமாகப் பிரித்து, இடது பக்கம் கார்னவுபா, நடுவில் சீலன்ட், வலது பக்கம் செரமிக் ஸ்பிரே. அடுத்த வீட்டு ஐயா வேலியால் எட்டிப் பார்த்து, “இதென்ன மனே, காருக்குப் பிளாஸ்டர் போட்டிருக்காய்?” என்றார். டேப்பை எடுத்ததும் அவரே சொன்னார், இடது பக்கம்தான் வடிவு என்று. உண்மை. கடும் நீலத்தில் கார்னவுபா போட்ட பாகம் தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிறம் மாதிரி ஆழமாக இருந்தது, சீலன்ட் கொஞ்சம் கூர்மையாக, கண்ணாடித்தனமாக. செரமிக் ஸ்பிரே இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் ஆறாவது கிழமை கழுவும்போது கார்னவுபாப் பாகத்தில் தண்ணீர் முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவிப் படுத்துவிட்டது. நடுப்பாகத்தில் அப்போதும் முத்து முத்தாக உருண்டது, மாரி தொடங்கும் வரை அப்படியே இருந்தது. செரமிக் பாகம் தண்ணீரை எல்லாவற்றையும் விட வேகமாகத் தள்ளியது, ஆனால் ஒரு குறை கண்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர், அது முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். உடனே துடைக்காவிட்டால் பொனட் முழுக்கப் புள்ளி. வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்தால் புதிய புள்ளிகள் போகும், பிறகு நன்றாகக் கழுவி அந்த இடத்துக்குத் திரும்பப் பூச வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள், தினமும் ஓடும் கார், வெளியில் நிற்கும் கார் என்றால் சீலன்ட்தான். வெள்ளையும் வெள்ளியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த நிறங்களில் கார்னவுபாவின் ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. கறுப்பு, கடும் நீலம், சிவப்பு வைத்திருந்து ஒரு கலியாணத்துக்கோ திருவிழாவுக்கோ கார் ஜொலிக்க வேண்டுமென்றால், முதலில் சீலன்ட் பூசி ஒரு இரவு விட்டு, அடுத்த நாள் அதன் மேல் கார்னவுபா. மாறிச் செய்யாதீர்கள், மெழுகின் மேல் சீலன்ட் பிடிக்காது. பெயர் கேட்பவர்களுக்கு, ஜப்பானின் சொஃப்ட் 99 செய்யும் புசோ கோட் இந்தச் சீலன்ட் வகையைச் சேர்ந்தது, கடும் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் தனித்தனி டின் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

பூசும் முறையில்தான் பாதி வேலை இருக்கிறது. காலமை எட்டு மணிக்கு முன், அல்லது பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில். புறங்கையைப் பொனட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் தொடவேண்டாம், பூசியது உடனே காய்ந்து கறையாகிவிடும். முதலில் துணி படாமல் நிறையத் தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் இறக்குங்கள். பிறகு கார் ஷம்பூ, இரண்டு வாளி, ஒன்றில் ஷம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். கழுவிக் காய்ந்ததும் ஒரு சொப்பிங் பையைக் கைக்குப் போட்டுப் பெயின்டை மெதுவாகத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளால் மணல் தாள் மாதிரி நறநறக்கும். அது பெயின்டில் ஒட்டிய அழுக்கு, தண்ணீருக்குப் போகாது, கிளே பாரை, அதாவது அழுக்கை ஒட்டியெடுக்கும் களி போன்ற கட்டியை, ஷம்பூத் தண்ணீரில் நனைத்து வழுக்கிக்கொண்டு தேய்த்தால் போகும். கிளே கீழே விழுந்தால் எறிந்துவிடுங்கள், கழுவிப் பாவிக்க நினைக்காதீர்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும்.

அதன் பிறகு தேவையென்றால் பொலிஷ், ஒரு தடவைக்கு இரண்டு சாண் சதுரம். கடைசியில் வாக்ஸ். ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பொஞ்சில் பத்து ரூபாய்க் குற்றி அளவு எடுத்தால் ஒரு கதவுக்குக் காணும். தடிப்பாகப் பூசினால் கூடுதலாக நிற்கும் என்று நினைப்பது வீண், மேலதிகம் முழுக்கத் துணியோடுதான் போகும், துடைக்கும்போது கையும் உளையும். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள், கோடு சுத்தமாகத் தெளிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கும் டேப்தான்.

அந்த ஐயாவின் பழைய சிவப்பு லான்சரையும் ஒரு ஞாயிறு செய்தோம். வெயிலில் கிடந்து சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறிப் போன கார். பொலிஷ் தொட்டுத் தேய்த்ததும் வெள்ளைத் துணி செக்கச் சிவந்தது, அவர் பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, பழைய கார்களில் கிளியர் கோட் இல்லாத பெயின்டும் உண்டு, அதில் நிறமே மேல்தோல். செத்த தோலை எடுத்தால் கீழே நல்ல சிவப்பு இருக்கிறது. உங்கள் துணியும் நிறம் பிடித்தால் இன்னும் மென்மையாகத் தேய்த்து, உடனே சீலன்ட் பூசிவிடுங்கள், மூடாமல் விட்டால் திரும்ப வெளிறும்.

பூசிய பிறகு சட்டி கழுவும் சவர்க்காரத்தால் காரைக் கழுவாதீர்கள், வாக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, அன்றைக்கு மினுங்கும், ஆனால் வாக்ஸ் கரைந்து, எண்ணெயில் தூசியும் அப்பிக்கொள்ளும். காய்ந்த துணியால் உப்புத் தூசியைத் துடைப்பது அதைவிட மோசம், சிலந்தி வலைக் கீறலெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. வாவிக்கரை மரங்களுக்குக் கீழே நிறுத்துபவர்கள், காக எச்சத்தைக் கண்டவுடன் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள், வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டில் தழும்பு விழும். நான் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு முறை, மாரி முடிந்து மாசியில் ஒரு முறை சீலன்ட் பூசுகிறேன், இடையில் கழுவும்போது தண்ணீர் தட்டையாகப் பரவக் கண்டால் திகதி பார்க்காமல் அந்தக் கிழமையே டின்னைத் திறந்துவிடுவேன்.