முகத்தில் திடீரென்று பருக்களா? எதையும் தடவும் முன் இதைப் பாருங்கள்

பதின்வயதில் முகம் திடீரென்று பொரிப்பொரியாகிவிட்டால் கையில் கிடைத்ததைத் தடவத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். என்ன வகை என்று தெரியாமல் தடவித்தான் பலர் முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

படி 1: நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்

கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி, சீழ்ப்பரு எல்லாம் கலந்திருந்தால் சாதாரண முகப்பரு. பருவ வயது ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பு கூடி, இறந்த செல்களோடு சேர்ந்து தோலின் துளைகளை அடைக்கிறது. உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குகிறது.

நெற்றியிலும் முடியோரத்திலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால், பூஞ்சையாக இருக்கலாம். இதற்கு வழக்கமான பரு மருந்து போதாது; ஆன்டிபயாடிக் மாத்திரை சில சமயம் இன்னும் கூட்டிவிடும். டாக்டரிடம் காட்டிப் பூஞ்சை மருந்து வாங்குங்கள்.

தடிப்புகள் சில மணி நேரத்தில் இடம் மாறினால் அலர்ஜியாக இருக்கலாம். கூடவே உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: புதிதாக என்ன தடவினீர்கள்?

நெற்றியில் வழியும் தலை எண்ணெயும் துளைகளை அடைக்கும். அதைவிட மோசம், சிவப்பழகுக்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீம். ட்யூபில் பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, ஒரே மாதிரிப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முகம் இன்னும் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள். பிள்ளையின் நிறத்தை மாற்ற இதை வாங்கித் தரும் பெற்றோரே, தயவுசெய்து வேண்டாம்.

படி 3: சாதாரணப் பரு என்றால்

மென்மையான ஃபேஸ்வாஷ், தினம் இரண்டு வேளை. பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல்லை மெல்லிசாகத் தடவுங்கள். தலையணை உறையில் பட்டால் சாயம் போய்விடும். அல்லது அடாபலீன் 0.1% ஜெல், இரவில் மட்டும், முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு. கண், உதட்டோரம் படக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு அடாபலீன் ஆகாது. முதல் சில வாரம் தோல் உரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். எலுமிச்சை, டூத்பேஸ்ட் வேண்டாம். கிள்ளவும் கூடாது.

படி 4: எப்போது டாக்டர்?

ஆழமாக வலிக்கும் கட்டிகளோ தழும்போ வந்தால் காத்திருக்காதீர்கள். 3 மாதத்தில் குறையாவிட்டாலும் போங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பருவோடு மாதவிடாயும் தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.