பல் ஊசி போட்ட மரப்பு இன்னும் விடவில்லையா? படிப்படியாக என்ன செய்வது

1. முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். வழக்கமாகப் போடும் லிடோகெயின் ஊசியில் உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் மரத்திருப்பது இயல்புதான். பியூபிவகெயின் என்றால் 12 மணி நேரம் வரைகூட இழுக்கும். எது போட்டார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

2. மரப்பு விடும்வரை சூடாக எதுவும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். சுட்டாலும் தெரியாது. குழந்தை என்றால் பக்கத்திலேயே இருங்கள். விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

3. மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் உடனே டாக்டருக்கு போன் செய்யுங்கள். "தானா சரியாகிடும்" என்று வாரக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள். ஊசி போடும்போது ஷாக் அடித்தமாதிரி நாக்கில் சுரீரென்று இழுத்ததா? அதையும் சொல்லுங்கள். கீழ்த்தாடையில் உதட்டு நரம்பும் நாக்கு நரம்பும் அருகருகே ஓடுகின்றன. ஊசிமுனை உரசினாலோ, உள்ளே ரத்தம் கட்டி அழுத்தினாலோ, சில சமயம் மருந்தாலேயோ நரம்பு பாதிக்கப்படலாம்.

4. இதுதான் முக்கியமான வேலை. கண்ணாடி முன் உட்காருங்கள். பஞ்சை மெல்லிய திரியாக இழுத்து, உணர்ச்சி நன்றாக இருக்கும் கன்னத்திலிருந்து மரத்த இடத்தை நோக்கி மெதுவாகத் தடவி வாருங்கள். தொடுவது மங்கும் இடத்தில் ஐப்ரோ பென்சிலால் புள்ளி வையுங்கள். மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று சுற்றிலும் இப்படியே செய்து, புள்ளிகளை ஒரு கோடாகச் சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள். நாக்கு என்றால் தாளில் படம் வரைந்து குறித்தால் போதும். ருசி தெரிகிறதா என்றும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை இதையே செய்யுங்கள். கோடு சுருங்கினாலோ, ஊர்வதுபோல் குறுகுறுத்தாலோ பெரும்பாலும் நல்ல அறிகுறி. வெறும் "இன்னும் மரத்திருக்கு" என்பதைவிட இந்தப் படம் டாக்டருக்கு எவ்வளவோ உதவும்.

5. பெரும்பாலானவர்களுக்கு 8 வாரத்துக்குள் சரியாகிவிடும். கோடு நகரவே இல்லை, அல்லது எரிச்சலும் வலியும் வருகிறது என்றால் அதுவரை காத்திருக்காமல் வாய், முக அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடையில் நீங்களாகவே நரம்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

6. வீக்கம் கூடி விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலும், வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலும் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.