சிபேப் மெஷின்ல பிரஷர் எவ்ளோ இருக்கணும்? புதுசா வாங்கினவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்பா

தூக்கத்துல தொண்டை மூடிக்கிட்டு மூச்சு அடிக்கடி நின்னு போற வியாதிக்கு (ஸ்லீப் அப்னியா) மாஸ்க் வழியா காத்து ஊதித் தொண்டையைத் தொறந்து வைக்கிற மெஷின்தான் சிபேப். போன மாசம் ஒரு கல்யாணத்துல அதே மெஷின் வச்சிருக்கற சொந்தக்காரர் ஒருத்தர் என்னைத் தனியா ஓரங்கட்டி, "தம்பி, உனக்கு எத்தனைல ஓடுது? எனக்கு 9"னு கேட்டாரு. ஏதோ கண்ணாடி பவர் கேக்குற மாதிரி. எனக்கு 11னு சொன்னதும், "அப்போ உனக்கு ரொம்ப முத்திருச்சு போல"ன்னு உச்சு கொட்டினாரு பாருங்க, அதுக்காகத்தான் இந்தப் பதிவே. பிரஷர் நம்பருக்கும் வியாதி முத்துறதுக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது. தொண்டை மூடிக்காம இருக்க குறைஞ்சபட்சம் எவ்ளோ காத்து வேணுமோ அதுதான் உங்க நம்பர், அவ்ளோதான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, அஞ்சு வருஷமா மாஸ்க் போட்டுத் தூங்குற ஆளு. இதைப் படிச்சுட்டு உங்க ரிப்போர்ட்டை நீங்களே புரிஞ்சுக்கலாம், செட்டிங்கை மாத்துறதா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

ஸ்டெப் 1: அந்த நம்பர்னா என்னன்னு ஒரு ஸ்ட்ரா வச்சுப் பாருங்க

மெஷின் காட்டுற 8, 10, 12 எல்லாம் சென்டிமீட்டர் தண்ணி அழுத்தம். ஒரு உயரமான ஜக்ல தண்ணி ஊத்தி, ஸ்ட்ராவோட நுனி தண்ணி மட்டத்துலேருந்து சரியா 10 சென்டிமீட்டர் கீழ போற மாதிரி பிடிச்சு ஊதுங்க. குமிழி குமிழியா வர ஆரம்பிக்குதே, அந்த இடத்துல நீங்க கொடுக்குற பிரஷர்தான் 10. கார் டயர்ல அடிக்கிற காத்தோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல, அங்க அடிக்கிற 32 பிஎஸ்ஐ இந்தக் கணக்குல 2200க்கும் மேல வரும். "நுரையீரல் வெடிச்சிருமா"ன்னு எங்கம்மா பயந்தப்ப இந்த ஸ்ட்ராவைத்தான் காட்டினேன், அப்புறம்தான் சமாதானம் ஆனாங்க.

பெரும்பாலான மெஷின் 4லேருந்து 20 வரைக்கும் போகும். ஏன் 4க்குக் கீழ இல்லன்னா, மாஸ்க்ல குட்டிக்குட்டி ஓட்டை இருக்கும்ல, நாம வெளிய விடுற மூச்சு அது வழியாத்தான் வெளியேறணும், பிரஷர் ரொம்பக் கம்மியா இருந்தா அது சரியா வெளிய போகாது. தயவுசெஞ்சு அந்த ஓட்டையை அடைச்சிடாதீங்க. எங்க மாமனார் "காத்து லீக் ஆகுது மாப்ள"ன்னு அதுமேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருந்தாரு, நல்லவேளை தூங்கறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்.

ஸ்டெப் 2: உங்க நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல தேடுங்க

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு லேப்ல படுக்க வச்சு டைட்ரேஷன் பண்றது. டெக்னீஷியன் 4ல ஆரம்பிப்பாரு, மூச்சு நிக்குதா குறட்டை வருதான்னு ஸ்க்ரீன்ல பாத்துப்பாரு, நின்னா கொஞ்சம் ஏத்துவாரு, அஞ்சு நிமிஷமாவது பொறுத்துப் பாப்பாரு, மறுபடி ஏத்துவாரு. மல்லாக்கப் படுத்துக் கனவு காணுற தூக்கத்துல இருக்கும்போதுதான் தொண்டை ரொம்பத் தொளதொளன்னு ஆகும், அந்த நேரத்துலயும் எது தாங்குதோ அதுதான் ஃபைனல் நம்பர். ரிப்போர்ட்ல அந்த மாதிரி தூக்கம் பதிவாகலன்னா நம்பர் கொஞ்சம் கம்மியா வந்திருக்க வாய்ப்பிருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, தேவைக்கு ஏத்த மாதிரி பிரஷரைத் தானே ஏத்தி இறக்கிக்கிற ஆட்டோ மெஷினைக் கொடுத்து வீட்லயே ஒண்ணு ரெண்டு வாரம் ஓட்டச் சொல்றது. இப்போ நிறைய பேருக்கு இதுதான்.

பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு 6லேருந்து 14க்குள்ள வந்து நிக்கும், 10ஐ ஒட்டி இருக்கறவங்க நிறைய. 1981ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் இந்த சிகிச்சையை முதன்முதல்ல அஞ்சு பேருக்குக் கொடுத்து எழுதினப்பவே 4.5லேருந்து 10 வரைக்கும்தான் தேவைப்பட்டுச்சு. ஆரம்ப காலத்துல அவர் வேக்யூம் கிளீனர் மோட்டாரை வச்சுத்தான் காத்து ஊதினாராம், நம்ம மெஷின் சத்தத்தைப் பத்திப் புலம்பும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

இப்போ அந்தச் சொந்தக்காரர் மேட்டருக்கு வருவோம். பிரஷரைத் தோராயமா கணிக்க ஒரு பழைய ஃபார்முலா இருக்கு: பிஎம்ஐயை (உயரத்துக்கு எடை எவ்ளோன்ற கணக்கு) 0.16ஆலயும், கழுத்துச் சுத்தளவை சென்டிமீட்டர்ல எடுத்து 0.13ஆலயும், ஏஹெச்ஐயை 0.04ஆலயும் பெருக்கிக் கூட்டி, 5.12 கழிக்கணும். (ஏஹெச்ஐன்னா மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுதுன்ற கணக்கு. 5க்குள்ள நார்மல், 30க்கு மேல கடுமையானது.) பிஎம்ஐ 30, கழுத்து 42, ஏஹெச்ஐ 40 இருக்கறவருக்கு 6.7 சொச்சம் வரும். அந்த 40ஐத் தூக்கி 60 ஆக்கினாலும் ஏறப்போறது வெறும் 0.8. பாத்தீங்களா, மூச்சு எத்தனை தடவை நிக்குதுன்றதை விட கழுத்தும் உடம்பு வாகும்தான் நம்பரை இழுக்குது. இது வெறும் ஆரம்பக் கணிப்புதான், இதை வச்சு மெஷினைத் திருகிடாதீங்க.

ஸ்டெப் 3: ஆட்டோ மெஷின்னா 4–20ல அப்படியே விட்டிருக்காங்களான்னு பாருங்க

கடைக்காரர் டப்பாவைப் பிரிச்சு பிளக்ல சொருகிட்டுப் போயிட்டா அது பெரும்பாலும் 4–20லதான் ஓடும். அது யாருக்கும் எழுதிக் கொடுத்த அளவு இல்ல, கம்பெனிலேருந்து வரும்போதே இருக்கற செட்டிங். எனக்கும் அப்படித்தான் விட்டாங்க. 4ல மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், மாஸ்க்கைப் பிய்ச்சு எறியணும்னு தோணும், சரின்னு எப்படியோ தூங்கினா ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் 15க்கு ஏறி மாஸ்க் ஓரமா பர்ர்ர்னு சத்தம் வந்து வீடே முழிச்சிக்கும்.

பத்து நாள் கழிச்சு டாக்டர் ரிப்போர்ட்ல ரெண்டு நம்பர் பாத்தாரு. மீடியன் 8.4, 95 சதவீதம் 11. அதாவது ராத்திரில பாதி நேரம் 8.4க்குள்ள, நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு நேரம் 11க்குள்ளயே வேலை முடிஞ்சிருக்கு. உடனே 7–13னு சுருக்கினாரு. அன்னிக்கு ராத்திரிதான் நான் முதல் தடவையா விடியற வரைக்கும் மாஸ்க்கோட தூங்கினேன்.

ஸ்டெப் 4: பிரஷரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி மாஸ்க்கைப் பாருங்க

லீக் இருந்தா மத்த நம்பர் எதையும் நம்ப முடியாது. ரெஸ்மெட் மெஷின்ல நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல போனா அதிக லீக்னு கணக்கு, மத்த கம்பெனில வேற மாதிரி காட்டும். பட்டையை உக்காந்துட்டு டைட் பண்ணாதீங்க, மெஷினை ஓட விட்டு, படுத்து, நீங்க வழக்கமா தூங்குற பக்கம் திரும்பிட்டு அப்புறம் சரி பண்ணுங்க, ஏன்னா படுத்ததும் கன்னம் சரிஞ்சு மூஞ்சி ஷேப்பே மாறிடும். முகத்துல தேங்காண்ணெய், க்ரீம் எதுவும் வேணாம், சிலிகான் வழுக்கும். வாயைத் தொறந்து தூங்குற ஆளா இருந்தா மூக்கு மாஸ்க்ல காத்து வாய் வழியாப் போயிடும், காலைல நாக்கு மரக்கட்டை மாதிரி இருக்கும்.

ஸ்டெப் 5: ரேம்ப், மூச்சு விடும்போது குறைக்கிற செட்டிங்

ரேம்ப்னா கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறது. பழகற வரைக்கும் 15, 20 நிமிஷம் வச்சுக்கலாம். ஆனா 45 நிமிஷம் வச்சுட்டு பத்து நிமிஷத்துல தூங்கிட்டீங்கன்னா மீதி நேரம் போதுமான காத்து இல்லாம கிடப்பீங்க.

மூச்சை வெளிய விடும்போது பிரஷரைக் குறைக்கிற செட்டிங்கை இபிஆர்னு ரெஸ்மெட்லயும் ஃப்ளெக்ஸ்னு பிலிப்ஸ்லயும் சொல்லுவாங்க. இபிஆர் 3ல இருந்தா, 10ல ஓடுற மெஷின் நீங்க மூச்சை வெளிய விடும்போது 7க்கு இறங்கும். சொகமாத்தான் இருக்கும், ஆனா சிலருக்கு அந்த இறக்கத்துலயே தொண்டை மூடிக்கும். இதை மாத்தின வாரத்துல ஏஹெச்ஐ ஏறுச்சுன்னா இதுமேல சந்தேகப்படுங்க.

ஸ்டெப் 6: கூடுதலா குறைவான்னு உடம்பே சொல்லும்

கம்மியா இருந்தா மாஸ்க்குக்குள்ளயே குறட்டை வரும் (பக்கத்துல படுக்கறவங்களைக் கேளுங்க, நமக்குத் தெரியாது), திணறி முழிப்பு வரும், காலைல தலைவலி, ஏஹெச்ஐ 5க்கு மேலயே நிக்கும். அதிகமா இருந்தா வயித்துல காத்து ரொம்பி காலைல ஏப்பமா வரும், மாஸ்க் பிச்சுக்கும், ரிப்போர்ட்ல 'கிளியர் ஏர்வே' அல்லது 'சென்ட்ரல்'னு போட்டு எண்ணிக்கை கூடும். அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் முக்கியம், அதுல தொண்டை தொறந்துதான் இருக்கு, மூளைதான் மூச்சு விடச் சொல்ல மாட்டேங்குது, அதுக்குப் பிரஷரை ஏத்தினா இன்னும் மோசமாகலாம். புதுசா ஆரம்பிக்கறவங்கள்ல சிலருக்கு சில வாரத்துல தானா குறையும், இருந்தாலும் டாக்டருக்குத் தெரியணும்.

ஒரு நாள் நம்பரை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு வாரச் சராசரி பாருங்க. தண்ணியடிச்ச ராத்திரி, மூக்கடைப்பு, மல்லாக்கப் படுத்த ராத்திரி எல்லாத்துலயும் ஏறும்.

15ஐத் தாண்டியும் அடங்கல, இல்ல அவ்ளோ காத்தை எதிர்த்து மூச்சை விட முடியலன்னா பைபேப்புக்கு மாத்துவாங்க, அதுல உள்ள இழுக்க ஒரு பிரஷர், வெளிய விட ஒரு பிரஷர். விலை ஜாஸ்தி, அதுக்காக அது 'நல்ல மெஷின்'னு நேரா அதையே வாங்கிடாதீங்க.

ஸ்டெப் 7: எப்போ திரும்பப் பாக்கணும்

எடை நல்லா குறைஞ்சாலோ ஏறினாலோ, பத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க, பழைய நம்பர் ஒத்துவராம போகலாம். மாஸ்க் டைப் மாத்தினாலும் ஒரு வாரம் கவனிங்க. டாக்டரைப் பாக்கப் போகும்போது, மெஷின் கணக்கெல்லாம் பதிவாகுற மெமரி கார்டை மறக்காதீங்க. நான் முதல் தடவை மெஷின், ட்யூப், மாஸ்க் எல்லாத்தையும் பைல போட்டுத் தூக்கிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் டோக்கன் போட்டு உக்காந்திருந்தேன், கார்டு வீட்ல லேப்டாப்ல சொருகியபடியே இருந்துச்சு.