எரிமலைகளுக்கு நடுவே ஒரு சாலை: பண்டாய்-அஸுமா ஸ்கைலைன் போவது எப்படி?

ஜப்பானின் ஃபுகுஷிமா நகருக்கு மேற்கே உள்ள மலைப்பாதை இது. 1959-இல் திறந்தார்கள். நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். முன்பு சுங்கம் இருந்தது, 2013 முதல் இலவசம்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பனியால் சாலையை மூடிவிடுவார்கள். கோடையில் மேலே நல்ல குளிர்ச்சி. செப்டம்பர் கடைசியில் உச்சியில் இலைகள் சிவக்கத் தொடங்கி, அக்டோபர் முழுக்க அந்த நிறம் கீழே இறங்கி வரும்.

என்னைக் கேட்டால் ஏப்ரல்தான். வெட்டி ஒதுக்கிய பனி, சாலையின் இருபுறமும் ஆள் உயரத்தைத் தாண்டிச் சுவராக நிற்கும். அதே சமயம் கீழே நகரிலிருந்து அண்ணாந்து பார்த்தால், அஸுமா கொஃபுஜி மலைச் சரிவில் உருகாமல் மிஞ்சிய பனி ஒரு முயல் வடிவில் தெரியும். 'விதைக்கும் முயல்' என்பார்கள். அது தெரிந்துவிட்டால் விதைக்கும் காலம் வந்துவிட்டது என்பது அங்குள்ள உழவர்களின் கணக்கு.

படி 2: வண்டி

டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஃபுகுஷிமாவுக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே வாடகைக் கார் எடுக்கலாம். ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கும் இடதுபக்க ஓட்டம்தான், பழக்கப்பட்டதுதான். கிளம்பும் அன்று காலை, சாலை திறந்திருக்கிறதா, எரிமலை எச்சரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: சுச்சியு பக்கம் ஏறுங்கள்

சாலையின் ஒரு முனை சுச்சியு, மறுமுனை தகாயு. தகாயு பக்கம் இறங்கலாம். ஏன் என்பது கடைசியில் புரியும். நடுவே ஜோடோடைரா என்ற மலைச் சமவெளி, சுமார் 1,600 மீட்டர் உயரம். வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறினால் பத்து நிமிடத்தில் அஸுமா கொஃபுஜியின் எரிமலை வாய் விளிம்பு. பெரிய கிண்ணம் போன்ற பள்ளம், செம்மண்ணும் சாம்பல் நிறமும் கலந்த சரிவு. விளிம்பைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காற்று ஆளையே தள்ளும், தொப்பியைப் பைக்குள் வையுங்கள்.

படி 4: இங்கே மட்டும் நிற்காதீர்கள்

ஜோடோடைராவைத் தாண்டியதும் இஸ்ஸாய்க்யோ மலையடிவாரம். 1893-இல் வெடித்த மலை, இன்றும் புகைகிறது. அழுகிய முட்டை வாடை வரும். அங்கே பலகை வைத்திருப்பார்கள்: கண்ணாடியை ஏற்றுங்கள், நிறுத்தாமல் போங்கள். படம் எடுக்கக்கூட இறங்க வேண்டாம், அது நச்சு வாயு.

படி 5: தகாயுவில் குளியல்

பால் கலந்தது போன்ற கந்தக வெந்நீர் ஊற்று. களைப்பெல்லாம் இறங்கிவிடும். அப்புறம், வெள்ளிக் கொலுசு, மோதிரம் போட்டிருந்தால் தண்ணீரில் இறங்கும் முன் கழற்றிவிடுங்கள், கறுத்துப் போகும்.