காட்டுக்குள் நரமாமிசப் படம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் குறைந்த காசில் எடுத்த நரமாமிசப் படங்களை இன்றும் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். கதை மெலிந்தது, நடிப்பும் சுமார்தான். ஆனால் காடு நிஜம். சேறும் வியர்வையும் கேமராவின் நடுக்கமும் பார்ப்பவரை உள்ளே இழுத்துவிடும். அந்த நிஜத்துக்காக அவர்கள் எங்கே மூளையைச் செலவழித்தார்கள், எங்கே உயிரைப் பறித்தார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் அப்படியே பின்பற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

இத்தாலிய இயக்குநர் ருஜ்ஜேரோ தியோதாத்தோ கொலம்பியாவின் லெடீசியா ஊர்ப் பக்கம் எடுத்து 1980இல் வெளியிட்ட 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' படத்தில் ஒரு பெண்ணைக் கழுவேற்றிய காட்சி வரும். செய்த விதம் இதுதான்: இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு சைக்கிள் சீட். நடிகை அதில் உட்கார்ந்து, கூராகச் சீவிய பால்சா என்ற எடை குறைந்த மரத்துண்டை வாயில் கவ்வி, வானத்தைப் பார்த்து முகத்தை நிமிர்த்திக்கொண்டார். மேலே கொஞ்சம் போலி ரத்தம். கீழே தெரியும் கம்பத்தையும் வாய்வழியே நீட்டிய முனையையும் நம் கண்ணே ஒரே கழுவாகக் கோத்துவிடுகிறது. இதை நீங்களும் செய்யலாம். கம்பமும் துண்டும் ஒரே நிறம், ஒரே பருமன், ஒரே நேர்கோடு என இருக்க வேண்டும். கோடு சற்று விலகினாலும், ஷாட் நீண்டு நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தாலும் குட்டு உடைந்துவிடும். கம்பத்தை ஆழமாக ஊன்றுங்கள். ஷாட் முடிந்ததும் நடிகரை இறக்கிவிடுங்கள்.

அதே படத்தில் ஆமையையும் குரங்கையும் நிஜமாகவே கொன்றார்கள். குரங்குக் காட்சியை இரண்டு தடவை எடுத்ததில் இரண்டு குரங்குகள் செத்தன. மனதை ஆறவிடாத கொடுமை இது. கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஊரே நிஜமென்று நம்பி அதிர்ந்த கழுமரக் காட்சியோ முழுக்கப் போலி! இத்தாலியில் அந்தப் படத்தின் மேல் விழுந்த தடை விலக 1984 ஆயிற்று. இந்தியாவில் விலங்கை நடிக்க வைக்கவே விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ஆமை தேவையென்றால் ரப்பர் ஓடு போதும்.

நடிகர்கள் ஓராண்டு வெளியே தலைகாட்டக் கூடாதென்று தியோதாத்தோ ஒப்பந்தம் போட்டிருந்தார். விளம்பரத்துக்குச் செய்த அந்த வேலை, அவர்களைக் கொன்றே படமெடுத்தார் என்ற குற்றச்சாட்டில் போய் முடிந்தது. அவர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டித்தான் மீண்டார். வன்முறைக் காட்சி ஒவ்வொன்றுக்கும் மேக்கப் போடுவதிலிருந்து கழுவுவது வரை தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள்.

இடத்தை மாற்றிக் காட்டுவதிலும் வழுக்கி விழுவார்கள். இன்னொரு இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ மார்த்தினோவின் 1978ஆம் ஆண்டு நரமாமிசப் படம் நியூ கினித் தீவில் நடப்பதாகக் கதை, எடுத்தது இலங்கையில். அதில் மலைப்பாம்பு ஒரு குரங்கை விழுங்குகிறது. நியூ கினிக் காட்டில் இயற்கையாகக் குரங்கே கிடையாது. காட்டின் பெயரை எழுதுமுன் அங்குள்ள மரம், விலங்குப் பட்டியலைச் சரிபாருங்கள்.

மனிதர்கள் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் மோசம். 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' மனிதரைத் தின்பவர்களாகக் காட்டியவர்களுக்கு வைத்த பெயர் யானோமாமி. வெனிசுவேலா, பிரேசில் எல்லையில் இன்றும் வாழும் மக்கள் அவர்கள். இறந்தவரை எரித்து, எலும்பைப் பொடியாக்கி, வாழைக்காய்க் கஞ்சியில் கலந்து உறவினர் குடிப்பது அவர்கள் வழக்கம். அது துக்கச் சடங்கு. அதைப் பசியாகவும் வெறியாகவும் காட்டியது அநியாயம். வாழும் எந்த இனத்தின் பெயரையும் இதற்கு எடுக்காதீர்கள்.

இனி கைவேலை. போலி ரத்தத்துக்கு ஒரு கப் லிக்விட் குளுக்கோஸ், கால் கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், அரை டீஸ்பூன் கோகோ தூள். கோகோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் போலத் தெரியும். கலவை இனிப்பு என்பதால் பத்து நிமிடத்தில் எறும்பு மொய்க்கும். ஷாட்டுக்குச் சற்று முன்பு பூசினால் போதும். ஜெலட்டினில் செய்த போலிக் காயங்கள் வியர்வையில் இளகி வழியும், க்ளோஸ்அப்புக்கு சிலிக்கோன்தான் சரி. கறிக்கடைக் குடலை வாங்கிப் போகாதீர்கள்: வெக்கையில் சீக்கிரமே நாறும், கிருமியும் பரவும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே காட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். காற்றுப் புகாத பையில் போட்டு அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள். மரநிழலில் வெளிச்சம் சட்டென்று குறையும் என்பதால் மதியத்திலேயே முக்கிய ஷாட்களை முடித்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி, சிள்வண்டுச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஷாட்டுக்கு ஷாட் அந்த இரைச்சல் அறுபடும்போது ஒட்டுப்போட அது ஒன்றுதான் கைகொடுக்கும்.