வீச்சு வலைக்கு ஈயம் வார்த்துப் பவுடர் கோட்டிங் செய்யிறது எப்பிடி

அப்பா வலைக்கு ஈயம் கட்டேக்க ஒவ்வொண்டையும் பல்லால கடிச்சுத்தான் இறுக்குவார், ஈயம் மெத்து எண்டபடியா பல்லுத் தடம் ரெண்டு குழியா அப்பிடியே கிடக்கும், பிறகு அதே கையால தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குவார், நாங்கள் பிள்ளையள் பக்கத்தில குந்தியிருந்து மிச்சத் துண்டுகளை வைச்சு விளையாடுவம். விளையாடி முடிய விரல் எல்லாம் கறுத்துப் போயிருக்கும், அந்தக் கறுப்பு ஈயம் எண்டு அப்ப ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. இப்ப என்ரை வீட்டிலயும் சின்னப் பிள்ளை இருக்கு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு இல்லை எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதோட வாய்க்குள்ள போற ஈயத்தில பெரியாக்களை விட 4, 5 மடங்கு கூடச் சின்னப் பிள்ளையளின்ரை உடம்பு உறிஞ்சுமாம். அதாலதான் வலைக்கு நான் வார்க்கிற ஈயத்துக்கு மேல பவுடர் கோட்டிங், அதாவது காஞ்ச பெயின்ற் பவுடரை ஒட்ட வைச்சுச் சூட்டில உருக்கி எடுக்கிற பூச்சு, போடத் தொடங்கினன்.

இந்த முறை வெளிநாட்டில துவக்குச் சன்னம் வார்க்கிறவையிட்ட இருந்து வந்தது, கனடாவில இருக்கிற மச்சான் ஒருக்கா வீடியோக் கோலில காட்டினவர். சன்னம் வார்க்கிறது எங்களுக்குத் தேவையில்லாத வேலை, ஆனா ஈயம் ஈயம்தானே, அதே வேலையை வலைக் குண்டுக்குச் செய்யலாம்.

முதல்ல ஈயம் எங்க எடுக்கிறது. பழைய வலையில கழட்டின ஈயம், பழைய வீடு உடைக்கேக்க வாற ஈயக் குழாய், பழைய கேபிளுக்கு மேல சுத்தின ஈய உறை, இதுகள் நல்லது. ரயர்க் கடையில சில்லு பலன்ஸ் பண்ணிப்போட்டுக் கழட்டி எறியிற துண்டுகளும் பாவிக்கலாம், ஆனா அதுக்குள்ள நாகமும் (துத்தநாகம்) இரும்பும் கலந்து கிடக்கும், குறடால நறுக்கிப் பாருங்கோ, ஈயம் எண்டா பல்லுப் பதிஞ்சு வெட்டுப்படும், நாகம் வெட்டுப்படாது, கீழ போட்டா கிணுங் எண்டு சத்தம் வரும். நாகம் கொஞ்சம் கலந்தாலே உருகின ஈயம் கஞ்சி மாதிரித் தடிச்சு அச்சுக்குள்ள இறங்காது. பழைய பற்றரியை மட்டும் உடைக்காதேங்கோ. உள்ளுக்குள்ள அசிட், தூளாப் போன ஈயம், அதோட அந்தத் தகட்டில கலந்திருக்கிற மற்ற உலோகங்களின்ரை கசடு ஈரப்பட்டா நச்சு வாயு வரும், வீட்டில செய்யிற வேலையே இல்லை அது. இன்னொண்டு, எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில இதைச் சொல்லாமல் விடேலாது, காணி துப்பரவாக்கேக்க மண்ணுக்குள்ள பழைய சன்னமோ வேற ஏதும் வெடிச்சாமான் மாதிரியோ கண்டா ஈயம் எண்டு நினைச்சுக் கை வைக்காதேங்கோ, அப்பிடியே விட்டிட்டு அறிவியுங்கோ. முகமாலைப் பக்கம் எத்தினை வருஷமா மண்ணைக் கிண்டிக் கிண்டிக் கண்ணிவெடி எடுத்தவை எண்டு எல்லாருக்கும் தெரியும்.

எவ்வளவு வேணும் எண்டதுக்கு ஒரு கணக்கு. உச்சியில இருந்து அடி வரைக்கும் 2 மீற்றர் வாற வலை எண்டா சுத்துக் கயிறு கிட்டத்தட்ட 12 அரை மீற்றர் வரும். 8 சென்ரிமீற்றருக்கு ஒரு குண்டு எண்டு வைச்சா 157 குண்டு. குண்டு 2 சென்ரிமீற்றர் நீளம், 9 மில்லிமீற்றர் தடிப்பு, நடுவில 3 மில்லிமீற்றர் ஓட்டை எண்டா ஒண்டு 13 கிராமுக்குக் கொஞ்சம் குறைய நிக்கும், எல்லாம் சேர்த்து 2 கிலோ. பண்ணைப் பாலத்தடியில, கடல்நீரேரிக்குள்ள இறாலுக்கும் மணலை மீனுக்கும் எறியிறதுக்கு இது காணும், நீரோட்டம் கூடின இடத்துக்கு இன்னும் பாரம் வேணும். 2 கிலோ ஈயம் உருகினாப் பிறகு ஒரு தேத்தண்ணிக் கிளாசுக்குள்ளயே அடங்கீடும், அதால பெரிய சட்டி தேவையில்லை, தடிச்ச இரும்புத் தாச்சி ஒண்டு போதும். அலுமினியச் சட்டி வேண்டாம், சூட்டில அது பலம் விட்டிடும்.

அச்சை லேத் கடையில குடுத்துச் செய்விச்சன். ரெண்டு அலுமினியக் கட்டியைச் சேர்த்து இறுக்கிப்போட்டு, அதுகள் சேருற கோட்டிலயே 9 மில்லிமீற்றர் ஓட்டை போடோணும், அப்பத்தான் பிரிச்சா பாதி இஞ்சால பாதி அங்கால வரும். அடியில 3 மில்லிமீற்றர் கம்பி நிக்க ஒரு ஓட்டை, மேல ஈயம் ஊத்தப் புனல் மாதிரி ஒரு வாய். ஒரு கட்டியில ஆறு ஓட்டை போட்டா வேலை கெதியா முடியும். ஊத்த முதல் அச்சின்ரை உள்பக்கத்தையும் கம்பியையும் மண்ணெண்ணெய் விளக்குப் புகையில பிடிச்சுக் கரி ஏத்துங்கோ, ஈயம் ஒட்டாமல் கழண்டு வரும்.

இனி இடமும் உடுப்பும். வெளியில, காத்தோட்டமான இடத்தில, காத்து உங்கட முதுகுப் பக்கமா வாற மாதிரி நில்லுங்கோ. சோளகம் (தென்மேல் காத்து) வீசிற மாசங்கள்தான் இதுக்கு நல்லது, வாடை (வடகீழ் காத்து) தொடங்கினா மழை எப்ப வரும் எண்டு சொல்லேலாது, அந்த நேரம் தொடவே தொடாதேங்கோ. சாரத்தோடயும் செருப்போடயும் நிண்டு உருக்கிறதைக் கன இடத்தில கண்டிருக்கிறன், தயவுசெய்து வேண்டாம். தோல் சப்பாத்து, அதுக்கு வெளியால விழுற நீளமான பருத்திக் காற்சட்டை, தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பிள்ளையள், வயித்தில பிள்ளையோட இருக்கிறவை ஒருத்தரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. வெத்திலை, பீடி, தேத்தண்ணி எல்லாம் வேலை முடிஞ்சு கை கழுவின பிறகுதான்.

தண்ணியைப் பற்றி வடிவாச் சொல்லோணும். உருகின ஈயத்துக்கு அடியில ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் அது அந்த நொடியே நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல விரியும், மேல இருக்கிற ஈயத்தை அப்பிடியே தூக்கி எறியும். எனக்கு நடந்தது இது: கரண்டியைக் கிணத்தடியில கழுவித் துணியால துடைச்சுப்போட்டுத்தான் கொண்டு வந்தனான், ஆனா கரண்டியும் பிடியும் ஒட்டின மடிப்புக்குள்ள ஈரம் இருந்திருக்கு, தாச்சிக்குள்ள தாழ்த்தினதும் படார் எண்டு ஒரு சத்தம், பின்னால இருந்த கிடுகு வேலியில ஈயம் சிதறி ஒட்டிக் கிடந்தது, கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தா இடது கண்ணுக்கு நேர ரெண்டு வெள்ளிப் பொட்டு. அண்டையில இருந்து கரண்டி, அச்சு, கம்பி எல்லாத்தையும் அடுப்பு விளிம்பில வைச்சு நல்லாச் சூடாக்கிப்போட்டுத்தான் ஈயத்துக்குக் கிட்டக் கொண்டு போறன், புதுசாப் போடுற ஈயத் துண்டையும் அப்பிடித்தான். நெத்தி வேர்வை விழாமல் தலையில ஒரு துணி கட்டுங்கோ. பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸில அச்சுச் செய்யலாம் எண்டு சொல்லுறவை இருக்கினம், அது காஞ்ச மாதிரித் தெரிஞ்சாலும் உள்ளுக்குத் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், பழகிறவைக்கு அது வேண்டாம்.

ஈயம் 327 பாகை செல்சியஸில உருகும், ஊத்திறதுக்கு 370 இல இருந்து 400 வரைக்கும் போதும். நாகம் 419 இலதான் உருகும், அதால 400 ஐத் தாண்டாமல் வைச்சிருந்தா தவறிப் போன நாகத் துண்டு மேல மிதக்கும், எடுத்து எறியலாம். கம்பி முனையை உள்ளுக்க விட்டு அளக்கிற வெப்பமானி வாங்குங்கோ, துவக்கு மாதிரி நீட்டிப் பார்க்கிறது பளபளப்பான ஈயத்தில பிழையாத்தான் காட்டும். வெப்பமானி இல்லாட்டி நிறத்தைப் பாருங்கோ, சுத்த ஈயத்தின்ரை மேல்பக்கம் பொன் நிறம், நீலம், ஊதா எண்டு மாறத் தொடங்கினா சூடு கூடிப் போச்சு, அடுப்பைக் குறையுங்கோ. சூடு ஏற ஏறப் புகைப்பும் தூளும் கூடும்.

உருகினதும் கடலை அளவு மெழுகுதிரித் துண்டு ஒண்டு போட்டுக் கிளறுங்கோ, புகை வரும், தீயும் பிடிக்கும், பயப்பிடாதேங்கோ, அது ஊத்தையைப் பிரிச்சு மேல கொண்டு வரும். சாம்பல் நிறத்தில மிதக்கிற கசடை வழிச்சு மூடி உள்ள பேணியில போடுங்கோ. அந்தக் கசடுதான் ஈயத்தை விட மோசம், தூளா இருக்கிறபடியா மூச்சோட உள்ளுக்க போகும். வளவுக்குள்ள கொட்டக் கூடாது. எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கனபேர் குடிக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி நிக்கிற மழைத்தண்ணி, சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்த நேரம் சனம் பட்ட பாடு மறக்கிற விஷயமில்லை. பேணி நிரம்பினா பழைய உலோகம் வாங்கிற ஆக்களிட்ட என்ன எண்டு சொல்லிக் குடுங்கோ.

பிறகு ஊத்திறது. முதல் நாலஞ்சு தரம் குண்டு சுருக்கம் விழுந்துதான் வரும், அச்சுக் குளிர் எண்டு அர்த்தம், தொடர்ந்து ஊத்த ஊத்த அச்சுச் சூடேறிச் சரிவரும். மேல்பக்கம் பூஞ்சணம் பிடிச்ச மாதிரி மங்கலா வந்தா அச்சு ஆகலும் சூடு, ஒரு நிமிஷம் ஆற விடுங்கோ, தண்ணிக்குள்ள தாழ்க்காதேங்கோ. ஒரே ஊத்தா நிறுத்தாமல் ஊத்தி, வாயில கொஞ்சம் தளும்ப விடுங்கோ, ஈயம் இறுகேக்க சுருங்கும், அந்த மேலதிகத்தில இருந்துதான் இழுத்துக்கொள்ளும். மேல மினுக்கம் போய் மங்கினதும் கம்பியைத் திருகி இழுங்கோ, பிந்தினா இறுகிப் பிடிச்சிடும். பிறகு அச்சைப் பிரிச்சுக் காஞ்ச துணியில கொட்டுங்கோ. வாயில நிக்கிற துண்டைக் குறடால நறுக்கிப்போட்டு ஓட்டை விளிம்பைக் கத்தியால மழிச்சு விடுங்கோ, கூரா விட்டா தங்கூசியை (நைலோன் நூலை) அறுத்துப்போடும். அராவாதேங்கோ, தூள் பறக்கும்.

பவுடர், கேற்றுக்கும் யன்னலுக்கும் கோட்டிங் அடிக்கிற இடத்தில கேட்டு வாங்கலாம், பொலியெஸ்ரர் பவுடர் எண்டு கேளுங்கோ, கால் கிலோ எடுத்தா கன காலத்துக்குக் காணும். அடியில முக்கோணத்துக்க 5 எண்டு போட்ட பிளாஸ்ரிக் டப்பா ஒண்டு எடுத்து, 30 குண்டும் ஒரு தேக்கரண்டி பவுடரும் போட்டு மூடி, வட்டமா ஒரு நிமிஷம் நல்லாக் குலுக்குங்கோ. குலுக்கேக்க உரசி வாற நிலைமின்னாலதான் பவுடர் போய் ஒட்டுது, அதால குண்டு காஞ்சு எண்ணெய் இல்லாமல் இருக்கோணும், வெறுங்கையால தடவினா அந்த இடத்தில ஒட்டாது, கன நாள் கிடந்த குண்டு எண்டா தின்னரால துடைச்சுக் காய விடுங்கோ. ஈரக் காத்தில பவுடர் கட்டி பிடிச்சிடும், இதுக்கும் சோளகம்தான் நல்லது. மாஸ்க் போடுங்கோ, நெருப்புக்குக் கிட்டக் குலுக்காதேங்கோ, பறக்கிற பவுடர் பத்தும்.

பிறகு குறடால ஒவ்வொண்டாத் தூக்கி, தட்டி, மெல்லிய இரும்புக் கம்பியில ஒண்டோட ஒண்டு முட்டாமல் கோத்துத் தொங்க விடுங்கோ. சின்ன மின்சார அவன் (பாண் சுடுற சூட்டடுப்பு) ஒண்டு பழசா வாங்கி இதுக்கெண்டே வைச்சிருங்கோ, திருப்பி அதில பாண் சுடக் கூடாது, குசினிக்குள்ளயும் வைக்கக் கூடாது. 200 பாகையில பவுடர் உருகி மினுங்கத் தொடங்கினதில இருந்து 15, 20 நிமிஷம். அவனின்ரை திருகில இருக்கிற எண்ணை நம்பாமல் உள்ளுக்க ஒரு வெப்பமானி வையுங்கோ, சின்ன அவன்கள் கூடிக் குறையும். பற்றாசு ஈயம் கலந்து உருக்கியிருந்தா கவனம், வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த பற்றாசு 183 பாகையிலயே உருகிற சாமான், குண்டு அவனுக்குள்ளயே தொய்ஞ்சு போகும்.

ஆறினாப் பிறகு ஒரு குண்டை எடுத்துச் சுத்தியலால தட்டையா அடிச்சுப் பாருங்கோ, கோட்டிங் ஈயத்தோட சேர்ந்து மடங்கினா சரி, செதில் செதிலாப் பறந்தா வேகேல்லை. இன்னொண்டைத் தின்னர் துணியால அழுத்தித் தேயுங்கோ, நிறம் துணியில ஏறக்கூடாது. பிழைச்சா இன்னொருக்கா அவனுக்குள்ள வைக்கலாம். நான் மஞ்சள்தான் போடுறன், வலையை உதறேக்க எந்தக் குண்டு கழண்டு போச்சு எண்டு உடன தெரியும்.

வேலை முடியக் கை, முகம் எல்லாம் சவுக்காரம் போட்டுக் கழுவி, அந்த உடுப்பை வீட்டு உடுப்போட சேர்க்காமல் தனியாத் தோய்க்கோணும்.

ஓட்டைக் குண்டைக் கயிறில கோத்து ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டா நகராது, பல்லுத் தேவையில்லை. முருகைக் கல்லிலயும் சீமெந்துக் கட்டிலயும் இழுபட்டு முதல்ல தேயிறது குண்டின்ரை ரெண்டு முனையும்தான், மாசத்துக்கு ஒருக்கா வலையைக் காயப்போடேக்க சுத்தி வந்து முனையளைப் பாருங்கோ, சாம்பல் நிறத்தில ஈயம் எட்டிப் பார்க்கிறதுகளைக் கழட்டி வேற ஒரு பேணியில சேர்த்து வையுங்கோ, 30 சேர்ந்தாப் பிறகு தின்னரால துடைச்சுத் திருப்பியும் டப்பாக்குள்ள போட்டுக் குலுக்கலாம்.